ரவுட்டர் மக்கர் செய்யும்போது: வீட்டு இணையம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தை நடுவில் வைத்துக்கொண்டு, வடக்கே அணைக்கரை முதல் தெற்கே மன்னார்குடி வரை, வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் கணினி வேலையும் இணைய இணைப்பு வேலையும் பார்த்துவருகிறேன். எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை "ரவுட்டர் கெட்டுப்போச்சு, புதுசு எது வாங்கலாம்?" என்றுதான் தொடங்கும். நேரில் போய்ப் பார்த்தால் பல வீடுகளில் ரவுட்டர் மேல் ஒரு குற்றமும் இருக்காது. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்ட அன்றே கடைமடை வயல் நனைந்துவிடுவதில்லை; நடுவில் ஆறும் மதகும் வாய்க்காலும் மடையும் இருக்கின்றன. இணையமும் தெருக்கம்பம், கண்ணாடி இழை, பெட்டி, சுவர், கைபேசி என்று பல இடங்களைக் கடந்துதான் வருகிறது. எங்கே அடைத்திருக்கிறது என்று பார்க்காமல் பணத்தைச் செலவழித்தவர்கள் பலர். அவர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட சொல்லிலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

1. "வீட்டில ஒரே ஒரு பெட்டிதான் மாட்டியிருக்காங்க. அது மோடமா, ரவுட்டரா?"

இரண்டும் அதுவேதான். ஃபைபர் இணைப்பில் வரும் பெட்டியை ஓஎன்டி அல்லது ஓஎன்யூ என்பார்கள். இழை வழியாக வரும் ஒளியை மின் சிக்னலாக மாற்றுவது அதன் முதல் வேலை. அந்த ஒற்றை இணைப்பை வீட்டிலுள்ள கைபேசி, டிவி, கேமரா எல்லாவற்றுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது இரண்டாவது வேலை. ரவுட்டர் என்பது இதற்குப் பெயர். அதை வைஃபையாகக் காற்றில் அனுப்புவது மூன்றாவது வேலை. சில வீடுகளில் முதல் வேலைக்கு ஒரு சின்னப் பெட்டியும், மற்ற இரண்டுக்கும் தனி ரவுட்டரும் இருக்கும். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் எது நின்றுபோனது என்று கண்டுபிடிப்பதைப் பற்றியவை.

2. "நெட் நின்னா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுன்னு எல்லாரும் சொல்றாங்க. அதுல நிஜமாவே பலன் இருக்கா, சார்?"

இருக்கிறது. ரவுட்டரும் ஒரு சின்னக் கணினிதான். மாதக்கணக்கில் ஓய்வில்லாமல் ஓடும்போது அதன் நினைவகம் நிரம்பலாம், நிறுவனத்தின் பக்கத்தில் பழைய இணைப்பு ஒன்று முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கலாம். சுவிட்சை அணைத்துவிட்டு, அரை நிமிடமாவது பொறுத்துப் பிறகு போடுங்கள். இரண்டு பெட்டிகள் இருந்தால் முதலில் ஓஎன்டியைப் போட்டு, அதன் விளக்குகள் நிலையாக எரியத் தொடங்கிய பிறகு ரவுட்டரைப் போட வேண்டும்.

ஆனால் தினமும் அணைத்துப் போட வேண்டியிருந்தால் வேறு ஏதோ குறை இருக்கிறது. ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் அதைக் காட்டக்கூடிய தடயத்தையும் நீங்களே அழித்துவிடுகிறீர்கள். அடுத்த முறை இணைப்பு அறுந்தால், அணைப்பதற்கு முன் உலாவியில் 192.168.1.1 என்று அடித்து (சில பெட்டிகளுக்கு 192.168.0.1 அல்லது 192.168.29.1) நிலைப் பக்கத்துக்குள் போய், 'அப்டைம்' என்ற வரியைப் பாருங்கள். பெட்டி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பதை அது சொல்லும். நீங்கள் கை வைக்காமலேயே 'நான்கு நிமிடம்' என்று காட்டினால், பெட்டி தானாகவே அணைந்து எழுந்திருக்கிறது. மின்சாரம் அல்லது அடாப்டர் பக்கம் தேடுங்கள் (8ஆம் கேள்வி). பெட்டி 'ஆறு நாள்' என்றும், அதற்குக் கீழே உள்ள இணைப்பு மட்டும் 'நான்கு நிமிடம்' என்றும் காட்டினால், அறுந்தது வெளியிலிருந்து வரும் லைன். இரண்டுமே பல நாள் என்று காட்டியும் உங்கள் கைபேசியில் நின்று நின்று வருகிறதென்றால், சிக்கல் வைஃபையில் இருக்கிறது. இந்த ஒரு பக்கத்தைப் பார்த்துப் பேசினாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

3. "சிவப்பு லைட் எரியுதுண்ணே. என்ன பண்ணணும்?"

'எல்ஓஎஸ்' என்று எழுதியுள்ள இடத்தில் சிவப்பு எரிந்தாலும் மினுக்கினாலும், ஒளி உங்கள் பெட்டிக்கு வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் மெல்லிய கம்பியை முதலில் பாருங்கள். வெள்ளையடிக்கும்போது பீரோ அதன் மேல் ஏறியிருக்கலாம். மிச்சக் கம்பியைச் சுருட்டி ஆணியில் இறுக்கிக் கட்டியிருக்கலாம். டீ கிளாஸைச் சுற்றும் அளவு வளைவை இழை தாங்கும்; விரலைச் சுற்றும் அளவுக்கு மடக்கினால் ஒளி வளைவிலேயே கசிந்துவிடும். பெட்டிக்குள் செருகும் பச்சை முனை 8 பாகை சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீல முனை நேராகத் தேய்க்கப்பட்டது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை மாட்டக் கூடாது. முனையைக் கழற்றினால் விரலால் துடைக்காதீர்கள், கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் பார்க்காதீர்கள். அதில் வரும் 1490 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, தெரியாததாலேயே ஆபத்து.

வீட்டுக்குள் எல்லாம் சரியாக இருந்தால் குறை தெருவில். நம் பக்கத்தில் தென்னை மட்டை விழுந்து அறுவதும், அணில் கடிப்பதும், சம்பா அறுவடை முடிந்து வைக்கோலை மலைபோல் ஏற்றிப் போகும் லாரி கம்பியை இழுத்துக்கொண்டு போவதும் ஆண்டுதோறும் நடப்பவை. தேரோடும் வீதியில் குடியிருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. திருவாரூர் ஆழித்தேரின் உயரம் 96 அடி. அப்படிப்பட்ட தேர் வரும் வழியில் குறுக்கே போகும் கம்பிகளைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அன்று சிவப்பு விளக்கைக் கண்டு புகார் கொடுப்பதைவிட, தேர் நிலைக்கு வரும்வரை பொறுத்திருப்பது நல்லது.

4. "வைஃபை கோடு முழுசாக் காட்டுது. ஆனா ஒண்ணும் திறக்க மாட்டேங்குது. எப்படி?"

கைபேசியில் தெரியும் கோடுகள் கைபேசிக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. வீட்டு வாசல் வரை வாய்க்கால் வெட்டியிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். அதில் தண்ணீர் வருகிறதா என்பது வேறு கேள்வி.

மடிக்கணினி இருந்தால் கட்டளைச் சாளரத்தை (கமாண்ட் பிராம்ப்ட்) திறந்து மூன்று முறை 'பிங்' செய்து பாருங்கள். ping என்று அடித்து, இடம் விட்டு, முகவரியை அடித்தால், அங்கிருந்து பதில் வருகிறதா என்று காட்டும். முதலில் உங்கள் பெட்டியின் முகவரிக்கு, அதாவது 192.168.1.1க்கு. அதற்கே பதில் வராவிட்டால் சிக்கல் வீட்டுக்குள் இருக்கிறது. பதில் வந்தால் வெளியே கூகுள் நடத்தும் 8.8.8.8 என்ற முகவரிக்கு அனுப்புங்கள், அங்கிருந்து பதில் வராவிட்டால் லைன் போயிருக்கிறது. அதற்கும் பதில் வந்து, ஏதேனும் ஒரு தளத்தின் பெயரை அடித்தால் மட்டும் வரவில்லையென்றால், பெயரை எண்ணாக மாற்றிக்கொடுக்கும் டிஎன்எஸ் சர்வர் படுத்திருக்கிறது. வாட்ஸ்அப் ஓடுகிறது, வங்கித் தளம் மட்டும் திறக்கவில்லை என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ரவுட்டர் அமைப்பில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று போட்டால் சரியாகிவிடும்.

கணினி இல்லாவிட்டால், கைபேசியின் வைஃபை விவரத்தில் ஐபி முகவரி என்ன என்று பாருங்கள். முகவரியே இல்லாமல் 'ஐபி பெறுகிறது' என்று நின்றாலோ, கணினியில் 169.254 என்று தொடங்கினாலோ, ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை என்று அர்த்தம்; 14ஆம் கேள்வியைப் பாருங்கள்.

5. "கூடத்துல நல்லா வருது. ரெண்டாம் கட்டைத் தாண்டினா அறவே இல்லை. பவரான ரவுட்டர் வாங்கணுமா?"

வேண்டாம், முதலில் இடத்தை மாற்றிப் பாருங்கள். நம் ஊர்களின் பழைய வீடு ரயில் பெட்டி போல நீளமானது: திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, அடுக்களை, கொல்லை. கம்பி தெருப்பக்கமிருந்து வருகிறது என்பதால், இணைப்புக் கொடுக்க வந்தவர் பெட்டியை ரேழியிலேயே மாட்டிவிட்டுப் போய்விடுவார். அங்கிருந்து அடுக்களைக்குப் போக, சுண்ணாம்புக் காரை பூசிய ஒன்றரை அடிச் செங்கல் சுவர்கள் மூன்றையாவது சிக்னல் கடக்க வேண்டும். பெட்டியின் பாதி சிக்னல் தெருவில் போகிறவருக்குத்தான் பயன்படுகிறது.

முற்றத்தைப் பார்த்த கூடத்துச் சுவரில், தலைக்கு மேல் உயரத்தில் பெட்டியை வையுங்கள். முற்றம் திறந்தவெளி என்பதால் சிக்னல் அதன் வழியாகப் பின்கட்டுக்குத் தடையில்லாமல் போகும்; பழைய வீட்டில் வைஃபைக்கு முற்றத்தைப் போல உதவுவது வேறொன்றும் இல்லை. "அவ்வளவு தூரம் ஃபைபரை இழுத்தால் வேகம் குறையாதா?" என்று கேட்பார்கள். குறையாது. ஒரு முழுக் கிலோமீட்டருக்கே இழையில் ஏற்படும் இழப்பு அரை டெசிபெல்லுக்கும் குறைவு. பத்து மீட்டர் நீளக் கம்பியால் ஆவது ஒன்றுமில்லை. சொல்லிக் கேட்டால் நீளமான பேட்ச் கார்டு (இரு பக்கமும் முனை பொருத்திய ஃபைபர் கம்பி) கிடைக்கும்.

வைக்கக் கூடாத இடங்களும் உண்டு. இரும்பு பீரோவின் மேலும் பின்னும், பித்தளைப் பாத்திரம் அடுக்கிய பரண், பெரிய நிலைக்கண்ணாடியின் பின்புறம், மாடியில் தகரக் கொட்டகைக்கு அடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியின் அருகு. உலோகம் சிக்னலைத் திருப்பி அனுப்பும், தண்ணீர் குடித்துவிடும். ஆன்டெனா வெளியே தெரிந்தால் நேராக நிமிர்த்தி வையுங்கள். சிக்னல் அதன் பக்கவாட்டில்தான் பரவும், முனையிலிருந்து பாய்வதில்லை.

6. "வைஃபை பேர் ரெண்டு காட்டுது, ஒண்ணுல 5ஜின்னு இருக்கு. அது மொபைல்ல வர்ற 5ஜியா?"

இல்லை. அது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. வேகம் அதிகம், சுவரைத் துளைக்கும் திறன் குறைவு. மற்றது 2.4 கிகாஹெர்ட்ஸ், வேகம் குறைவு, எட்டும் தூரம் அதிகம். கூடத்தில் டிவிக்கும் மடிக்கணினிக்கும் 5. கொல்லைக் கேமராவுக்கும் மோட்டார் சுவிட்சுக்கும் 2.4. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் கைபேசி தானே தேர்ந்துகொள்ளும் என்பார்கள். அது எப்போதும் சரியாகத் தேர்வதில்லை. பழைய வீடுகளில் நான் தனித்தனிப் பெயரே வைக்கிறேன்.

7. "பகல்ல பறக்குது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல படுத்துடுது. யாராவது நம்ம நெட்டைத் திருடுறாங்களா?"

திருட்டை விட எளிய காரணங்கள் இரண்டு இருக்கின்றன. மாலையில் வேகம் குறையும்போது மடிக்கணினியை லேன் கேபிளால் நேரடியாகப் பெட்டியோடு இணைத்து ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். கேபிளிலும் வேகம் இல்லையென்றால் நெரிசல் வெளியே. தெருவில் ஒரே இழை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. ஜிபான் என்னும் இந்தப் பகிர்வு முறையில் அந்த ஒற்றை இழையின் மொத்த வேகம் சுமார் 2.5 ஜிபிபிஎஸ். அத்தனை வீட்டுக்கும் அது போதும்; ஆனால் நிறுவனம் ஊருக்கு வெளியே வாங்கியிருக்கும் மொத்தக் கொள்ளளவு போதாமல் இருக்கலாம். அதை அவர்கள்தான் சரிசெய்ய முடியும்.

கேபிளில் வேகம் சரியாக இருந்தால் நெரிசல் காற்றில். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள தெருவில் இருபது பெட்டிகள் ஒரே நேரத்தில் பேசுகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. கைபேசியில் வைஃபை அனலைசர் செயலியைப் போட்டு, மூன்றில் எதில் கூட்டம் குறைவு என்று பார்த்து அதை நிலையாக வையுங்கள். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகக் குறையுங்கள். 3, 4 என்று நடுவில் வைத்தால் இரண்டு பக்கத்துச் சண்டையிலும் சிக்கிக்கொள்வீர்கள். திருட்டுச் சந்தேகம் அப்படியும் தீராவிட்டால் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். இணைந்துள்ள கருவிகளின் பட்டியலை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். இன்றைய கைபேசிகள் தங்கள் அடையாள எண்ணை மாற்றிக்கொள்வதால் ஒரே கைபேசி இரண்டு, மூன்று பெயரில் தெரியும்.

8. "கரண்டு இருக்கும்போதே ரவுட்டர் தானா அணைஞ்சு அணைஞ்சு எரியுது. போர்டு போயிடுச்சா?"

பெரும்பாலும் அடாப்டர். அதற்குள் மின்னோட்டத்தைச் சீராக்கும் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கிறது. இரவு பகலாகச் சூட்டிலேயே இருப்பதால் சில ஆண்டுகளில் அது உலர்ந்துவிடுகிறது. பிறகு அடாப்டர் முழுதாகச் சாகாது. சுமை ஏறும்போது மட்டும் துவண்டுபோகும். விளக்குகள் எரியும், வைஃபை பெயரும் தெரியும். யாராவது வீடியோ போட்டதும் அணைந்துவிடும்.

பாபநாசம் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு ரவுட்டர்களை மாற்றிய பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். அடாப்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தேன், 12.2 வோல்ட், குறையே இல்லை. மீண்டும் மாட்டி, பின்னில் மீட்டர் முனையை வைத்தபடியே காத்திருந்தேன். பெட்டி எழுந்து 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வந்தது, மீட்டர் 11.3 வோல்ட் காட்டியது. 5 கிகாஹெர்ட்ஸ் விளக்கு எரிந்த நொடியில் 9.6க்கு இறங்கியது, எல்லா விளக்கும் ஒருசேர அணைந்தன. இரண்டு முறையும் புது ரவுட்டருடன் வந்த புது அடாப்டரை அட்டைப்பெட்டியிலேயே வைத்துவிட்டு, டிவிக்குப் பின்னால் கிளிப் அடித்து அழகாக ஓட்டியிருந்த பழைய கம்பியையே மாட்டியிருக்கிறார்கள். பரணிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டியதோடு என் வேலை முடிந்தது, டீ கொடுத்தார்கள்.

புதிதாக வாங்கும்போது வோல்ட் அப்படியே ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் பழையதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. பின்னின் தடிமனையும், நடுமுனை நேர்மின் என்ற படத்தையும் ஒத்துப் பாருங்கள். பம்பு செட்டு ஓடும் நேரத்தில் லோ வோல்டேஜ் என்பதால்தான் அணைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இவ்வகை அடாப்டர்கள் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பவை. ஆகவே அதைவிடத் தளர்ந்த பிளக் பாயிண்டைச் சந்தேகிப்பது சரி.

9. "மினி யுபிஎஸ் வாங்கினா எவ்வளவு நேரம் தாங்கும்? இன்வெர்ட்டர் இருக்கே, அது போதாதா?"

இன்வெர்ட்டர் போதும். மின்சாரம் போகும் கணத்தில் அது மாறிக்கொள்ளும் சிறு இடைவெளியை நல்ல அடாப்டர் தாங்கிக்கொள்ளும்; ஒவ்வொரு முறையும் ரவுட்டர் அணைந்து எழுந்தால் மேலே சொன்ன அடாப்டர் நோய் தொடங்கிவிட்டது என்று வையுங்கள்.

இன்வெர்ட்டர் இல்லாதவர்களுக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் நல்ல பொருள். கணக்கு எளிது: 2,600 மில்லி ஆம்பியர் மணி உள்ள மூன்று லித்தியம் செல்கள் என்றால் மூன்றையும் சேர்த்துச் சுமார் 29 வாட் மணி, மாற்றுவதில் ஐந்தில் ஒரு பங்கு போகும், பெட்டி 8 வாட் எடுத்தால் புதிதில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வரும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை மின்சாரம் நிறுத்தும் நாளைக்கு அது போதாது. இன்னொன்றையும் கவனியுங்கள். தெருவில் ஒளியைப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால் சில இடங்களில் கம்பத்துப் பெட்டிக்குள், இணைப்பைப் பல வீடுகளுக்குப் பங்கிடும், மின்சாரத்தில் ஓடும் நெட்வொர்க் ஸ்விட்சை வைத்து, அங்கிருந்து லேன் கேபிளால் வீட்டுக்கு இணைப்புக் கொடுத்திருப்பார்கள். அப்படியானால் உங்கள் யுபிஎஸ் ஓடிக்கொண்டே இருக்கும், இணையம் வராது. வாங்குமுன் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள்.

10. "இப்ப ஃபைபர்தானே, இடி இடிச்சாலும் கழட்டத் தேவையில்லையே?"

கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது என்பது உண்மை. ஆனால் இடியின் தாக்கம் மின் கம்பி வழியாக அடாப்டருக்குள் வரும். மாடிக் கேமராவுக்கும் பின்வீட்டுக்கும் ஓடும் லேன் கேபிள் வழியாகவும் வரும். தெருவிலிருந்து வரும் ஃபைபர் கேபிளிலும் தாங்குவதற்காக இரும்புக் கம்பி சேர்த்திருப்பதுண்டு. அதை வீட்டுக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்திவிட்டு, இழையை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது மின்கம்பங்களே சாய்ந்தன. அதைப் போன்ற நாளுக்கு எவரும் ஒன்றும் செய்ய முடியாது. நான் சொல்வது சாதாரண ஐப்பசி இடியைப் பற்றி.

வானம் கறுத்ததும் அடாப்டரைப் பிளக்கிலிருந்தே உருவுங்கள், சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. வெளியே போகும் லேன் கேபிளையும் கழற்றுங்கள். தலைக்கு மேலேயே இடிக்கத் தொடங்கிய பிறகு அவற்றைத் தொடப் போகாதீர்கள். சர்ஜ் புரொடெக்டர் வாங்கலாம். ஆனால் எர்த் சரியில்லாத வீட்டில் அதனால் பாதிப் பலன்தான்.

11. "ரவுட்டர் கொதிக்குது. ஃபேன் போடலாமா?"

வீட்டு ரவுட்டர்களுக்கு 40 பாகை செல்சியஸ் வரையிலான சூழல் வெப்பமே பொதுவாக வகுத்த எல்லை. கத்திரி வெயிலில் கண்ணாடி ஷோகேசுக்குள், செட்டாப் பாக்ஸின் மேல் வைத்தால் அந்த எல்லை எளிதில் தாண்டும். வெளியே எடுத்துச் சுவரில் மாட்டுங்கள், ஃபேன் வேண்டாம். காற்றுத் துளைகளிலிருந்து எறும்பு வரிசை புறப்படுகிறதா என்றும் பாருங்கள். மழைக்காலத்தில் அவை கதகதப்பைத் தேடி முட்டையோடு உள்ளே குடியேறிவிடும். மருந்து அடிக்காமல், அணைத்துத் திறந்து, மென்மையான தூரிகையால் துடையுங்கள்.

12. "300 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கேன். 94க்கு மேல ஏறவே மாட்டேங்குது. ஏமாத்துறாங்களா?"

94 என்ற எண்ணைக் கேட்டதுமே காரணம் தெரிந்துவிடும். நடுவில் எங்கோ ஓர் இணைப்பு 100 எம்பிபிஎஸ் அளவில் ஓடுகிறது. தரவோடு சேர்ந்து போகும் முகவரி போன்ற விவரங்களுக்கு ஆகும் பங்கு போக 94தான் மிஞ்சும். ரவுட்டரின் போர்ட்டே 100 அளவுடையதாக இருக்கலாம், அல்லது லேன் கேபிளின் எட்டுக் கம்பிகளில் நான்கை மட்டும் முனையில் கிரிம்ப் செய்து பொருத்தியிருக்கலாம். ஜிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். ஒரு கம்பி எலி கடித்து அறுந்தாலும் வேகம் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும்.

பதிவிறக்கத்தில் '12' என்று காட்டுகிறதே என்று கேட்பவர்களுக்கு: அது மெகாபைட், பிளானில் சொல்வது மெகாபிட். எட்டால் பெருக்குங்கள்.

13. "பின்னால ஒரு ஓட்டை இருந்துச்சு, ஊசியால அமுக்கிட்டேன். அதிலேருந்து நெட்டே இல்லை, தம்பி."

அது ரீசெட். அணைத்துப் போடுவதும் ரீசெட்டும் வேறு வேறு. சில நொடிகள் அமுக்கிப் பிடித்தால் பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குப் போய், நிறுவனம் கொடுத்த பயனர் பெயர், கடவுச்சொல், விலேன் எண் எல்லாவற்றையும் மறந்துவிடும். தானாகவே அமைப்பை இறக்கிக்கொள்ளும் பெட்டியாக இருந்தால் கால் மணி நேரத்தில் மீளும். இல்லாவிட்டால் இணைப்புக் கொடுத்தவரைத்தான் அழைக்க வேண்டும். வேலை செய்யும் நாளிலேயே அந்த அமைப்புப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டால் இந்த அலைச்சல் இருக்காது.

14. "பழைய ரவுட்டரைக் கொல்லைப் பக்கம் வச்சு வயர் இழுத்தேன். இப்ப வீடு பூரா நெட் போயிடுச்சு."

வீட்டில் இப்போது முகவரி கொடுப்பவர் இருவர். இரண்டு பெட்டிகளும் 192.168.1.1 என்றே தங்களை அழைத்துக்கொள்கின்றன, இரண்டும் கருவிகளுக்கு முகவரி வழங்குகின்றன. எந்தக் கைபேசி எதனிடம் வாங்கியது என்பதைப் பொறுத்து, ஒன்றில் வரும், இன்னொன்றில் வராது. 4ஆம் கேள்வியின் முடிவில் சொன்ன அறிகுறியும் இப்படிப்பட்ட வீடுகளில்தான் அதிகம்.

பழைய ரவுட்டரைத் தனியாகக் கணினியில் இணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, டிஹெச்சிபியை, அதாவது முகவரி வழங்கும் வேலையை, அணைத்துவிடுங்கள். பிறகு கூடத்திலிருந்து வரும் கேபிளை அதன் லேன் துளையில் செருகுங்கள். வெளி இணைப்புக்கென்று வேறு நிறத்திலுள்ள 'வேன்' (WAN) துளையில் வேண்டாம். 'ஆக்சஸ் பாயிண்ட்' என்ற தெரிவு இருந்தால் அதைத் தொட்டாலே இவ்வளவும் நடந்துவிடும். ரிப்பீட்டர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி, அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். ஒரு கேபிளும் பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரும் விலை உயர்ந்த மெஷ்ஷை (கம்பியில்லாமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பல பெட்டிகளின் கூட்டு) விட நிலையாக ஓடும். கேபிள் இழுக்கவே முடியாத வீட்டுக்குத்தான் மெஷ்.

15. "பொண்ணு மீட்டிங்ல இருக்கும்போது நான் கல்யாண வீடியோ அனுப்பினா அவளுக்கு நின்னு நின்னு வருது. 200 எம்பிபிஎஸ் போதாதா?"

வேகம் போதும், குறை வரிசையில் இருக்கிறது. பெரிய வீடியோ ஏறும்போது ரவுட்டர் அத்தனை தரவையும் தன் நினைவகத்தில் வரிசை கட்டி நிறுத்துகிறது. மகளின் பேச்சு அந்த வரிசையின் கடைசியில் நின்று காத்திருக்கிறது. வீடியோ ஏறும்போது 8.8.8.8க்குப் பிங் போட்டால், 15 மில்லிநொடியில் வந்த பதில் பல நூறு மில்லிநொடிக்குப் போவதைக் காணலாம். ரவுட்டரில் 'கியூஓஎஸ்' (எதற்கு எவ்வளவு வேகம் என்று பங்கிடும் வசதி) இருந்தால், மேலேற்றும் வேகத்தை உண்மையான வேகத்தில் 85 முதல் 90 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்துங்கள். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தால் வரிசையே உருவாகாது. அதிக வேகத் திட்டத்துக்கு மாறச் சொல்வார்கள். அதனால் இந்தக் குறை தீரும் என்று சொல்ல முடியாது.

16. "சிங்கப்பூர்ல இருக்கற பையனுக்கு வீட்டு சிசிடிவி தெரிய மாட்டேங்குது. போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் போட்டாச்சு."

ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணிலோ 10 என்றோ தொடங்குகிறதா என்று பாருங்கள். அப்படியானால் உங்களுக்கு உங்களுக்கே உரிய பொது முகவரி இல்லை. பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். பழைய ஐபி முறையில் உலகத்துக்கே சுமார் 429 கோடி முகவரிகள்தான் என்பதால் வந்த ஏற்பாடு இது. நீங்கள் வெளியே போகலாம், வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. வெளியிலிருந்து வரும் அழைப்பைக் கேமராவுக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை எவ்வளவு சரியாகப் போட்டாலும் வேலை செய்யாது. கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்ப்பது எளிய வழி. மாதக் கட்டணம் கட்டி நிலையான ஐபி வாங்குவது அடுத்த வழி.

17. "5 கிகாஹெர்ட்ஸ் பேரு மட்டும் திடீர்னு காணாமப் போயி, கொஞ்ச நேரத்தில தானா வருது. பெட்டி அணையவும் இல்லை."

சேனல் எண்ணைப் பாருங்கள். 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ராடார்களோடு பகிர்ந்துகொள்பவை. அங்கே ராடார் போன்ற துடிப்பு ஒன்றைக் கேட்டால் ரவுட்டர் உடனே விலகிவிடும்; போகும் புதுச் சேனலும் இதே வகையென்றால், அங்கே ஒரு நிமிடமாவது காதுகொடுத்துக் கேட்ட பிறகே பேசத் தொடங்கும். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது என்பதற்காக அதன் மேல் பழி போட வேண்டாம். வேறு மின்காந்த இரைச்சலையும் ரவுட்டர் ராடார் என்று ஏமாந்துபோவதுண்டு. 36 முதல் 48 வரையோ, 149க்கு மேலோ நிலையாக வைத்தால் தீர்ந்தது. சில பழைய டிவிகளுக்கு 149க்கு மேல் தெரியாது, அவற்றுக்கு 36.

18. "கம்ப்ளெயிண்ட் கொடுத்தா 'எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு'ன்னு மூடிடுறாங்க. எப்படிப் பேசுறது?"

'நெட் வரலை' என்று சொன்னால் அந்தப் பதில்தான் வரும். ஒரு தாளில் தேதி, நேரம், எந்த விளக்கு எந்த நிறம், 2ஆம் கேள்வியில் சொன்ன இரண்டு அப்டைம், 4ஆம் கேள்வியின் மூன்று பிங்கில் எது தவறியது என்று மூன்று நாள் குறித்துவையுங்கள். கூடவே, நிலைப் பக்கத்தில் 'ஆர்எக்ஸ் ஆப்டிகல் பவர்' என்ற எண்ணையும் எழுதுங்கள். பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவு அது. அது −15க்கும் −25க்கும் இடையில் இருந்தால் நலம். −27 டிபிஎம் என்பது சாதாரண ஜிபான் பெட்டிக்கு விளிம்பு. 3 டெசிபெல் இறங்கினால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். நன்றாக ஓடும் நாளில் −20 என்று இருந்தது, மழை பெய்தால் −28க்குப் போகிறதென்றால், கம்பத்து இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்குகிறது. "மழை பெய்தால் ஆப்டிகல் பவர் எட்டு டெசிபெல் இறங்குகிறது, கம்பத்து ஜாயிண்டைத் திறந்து பாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். தொலைபேசியில் பேசுபவரின் குரலே மாறும்.

புகார் எண்ணை வாங்காமல் பேச்சை முடிக்காதீர்கள். சரிசெய்யாமலே மூடினால், அந்த எண்ணோடு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. வீட்டுக்கு வரும் லைன்மேனிடம் கோபப்பட வேண்டாம். அவர் கையில் பவர் மீட்டர் இருந்தால் சுவர் முனையில் ஒருமுறையும், கம்பத்துப் பெட்டியில் ஒருமுறையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு எண்ணுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருந்தால் உங்கள் வீட்டுக்கு வரும் கம்பியை மாற்ற வேண்டும். இரண்டுமே மோசமாக இருந்தால் அவர் அடுத்த கம்பத்துக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.